முதல் கையெழுத்து

நான்கு ஆரஞ்சுப் பழங்களோடு அவர் வார்டுக்குள் நுழைந்தார்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் இரண்டு முறை சொல்லியும் பார்த்திருந்தார்.

அவரைக் கண்டதும் மாரப்பன் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. இடது காலில் தொடை வரைக்கும் கட்டு.

நாக்பூரில் லாரி லோடு மேல் ஏறித் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது விழுந்துவிட்டான். சங்ககிரிக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஆகிறது. எலும்பில் பிளேட் வைக்க வேண்டும். இந்த வாரம் வைக்காவிட்டால் அந்தக் கால் இனி கிளட்ச் மிதிக்காது.

"கார்டு செல்லாதுங்கறாங்க," என்றாள் அவன் மனைவி பூங்கொடி.

கையில் இ.எஸ்.ஐ. கார்டு. எட்டு வருடம் செல்லுபடியான கார்டு.

எப்படிச் செல்லும்?

தை மாதம் டிரைவர்கள் எல்லோரையும் மாதச் சம்பளத்திலிருந்து ட்ரிப் கான்ட்ராக்டுக்கு மாற்றினார் முதலாளி. அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை, இப்போது பழப் பையோடு நிற்கும் அவர் தலையில் விழுந்தது. அவரும் டிரைவர்தான். ஷெட்டிலேயே மூத்தவர்.

போர்டில் எழுதிக் காட்டினார். சம்பளம் என்றால் இருபதாயிரம். ட்ரிப் கணக்கில் ஓடினால் முப்பத்திரண்டு.

எழுதியது பொய்யில்லை. எழுதாமல் விட்டதுதான்.

பி.எஃப். எழுதவில்லை. இ.எஸ்.ஐ. எழுதவில்லை. திரும்பி வர லோடு கிடைக்காமல் ஒருமுறை குவாஹாட்டியில் பதினொரு நாள் கிடந்தவர் அவர். ட்ரிப் கணக்கில் காசு வராத அந்த மாதிரி நாட்களை எழுத மறந்துவிட்டாராம்!

அப்போதும் யாரும் பேனாவைத் தொடவில்லை. எந்தக் காகிதமானாலும் மூத்த டிரைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். அந்த ஷெட்டில் அப்படித்தான். முதலாளிக்கும் அது தெரியும்.

முதல் கையெழுத்தை அவர் போட்டார்.

பின்னால் இருபத்தாறு பேர். மாரப்பன் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே, பேசி வைத்திருந்தபடி, முதலாளி அவருடைய காகிதத்தை மட்டும் உருவிக் கிழித்துப் போட்டார்.

அவர் இன்றைக்கும் மாதச் சம்பளக்காரர். போன மாதம் பல் பிடுங்கிக்கொண்டதும் இ.எஸ்.ஐ.யில்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பூங்கொடி அவர் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆபரேசனுக்கு நாப்பதாயிரம் முன்பணம் கட்டச் சொல்றாங்ண்ணா. உங்களால ஏதாச்சும்..."

"ஏ, சும்மா இரு புள்ள," என்று அதட்டினான் மாரப்பன். "அண்ணனும் நம்மளாட்டந்தான் கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டறாரு. அவருகிட்டப் போயிக் கேக்கறயே."

இப்போது சொல்லிவிடலாம். இதைவிட நல்ல சமயம் வராது.

அவர் வாயைத் திறந்தார்.

பூங்கொடியின் முகம் சுருங்கிவிட்டது. கார்டை மடியில் செருகிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்ண்ணா. தெரியாமக் கேட்டுட்டேன்."

"பரவால்லம்மா," என்றார் அவர்.