முப்பத்தெட்டு பேரை விழுங்கியவன்

முதலில் துரோகம் செய்தது மச்சினன்தான். அதில் காயில்காரருக்குச் சந்தேகமே கிடையாது.

மோட்டாருக்குக் காயில் சுற்றுவது அவர் தொழில். குடலில் கட்டி வந்து, அறுத்தெடுத்து, ஆறு மாதம் மருந்தேற்றி முடித்த அன்று, டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தவன் மச்சினன்.

“மாமா, உங்களை மாதிரி நூறு பேர்ல தொண்ணூத்தெட்டு பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் நல்லா இருக்காங்களாம்!”

அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். மூன்றாம் மாதச் செக்கப்பில் டாக்டர் வாயிலிருந்தே உண்மை வந்தது. நூற்றுக்கு அறுபது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தார்.

“உன் தம்பி முப்பத்தெட்டு பேரை ஒரே வாயில விழுங்கிட்டானே! படிக்காதவன்னுதானே என்கிட்ட புளுகினான்?”

“உங்க மனசு உடையக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்.”

“மன்னிப்பு கேட்கிற வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

மச்சினன் கேட்கவில்லை. இவரும் முழிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட அறுபது மார்க் வாங்காதவர். உடம்பு மட்டும் வாங்கிவிடுமா? அந்தப் பயத்திலேயே ஐந்து வருடம் ஓடிவிட்டது. இன்று கடைசிச் சோதனை என்று நினைத்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு.”

“அது சரிங்க டாக்டர். அஞ்சு வருஷ கேரண்டி முடிஞ்சுபோச்சே, இனிமே? என் கடையில கேரண்டி முடிஞ்ச மறுமாசமே கருகின மோட்டாரோட வந்து நிப்பாங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். “இது கேரண்டி இல்லைங்க. அஞ்சு வருஷம் வரைக்கும் எத்தனை பேர் இருந்தாங்கன்னு எண்ணிப் பார்த்தது, அவ்வளவுதான். சரி, அப்படி வந்து நின்னவங்க எத்தனை பேர்?”

யோசித்தார். நாற்பது வருடத்தில் நாலு பேர். நாலு பேர் முகமும் ஞாபகம் இருந்தது.

“காயில் சரியில்லைன்னா பெரும்பாலும் முதல் மாசமே கருகிடுங்க.”

“இதுவும் அப்படித்தான். திரும்பி வர்றதுன்னா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும். இனி வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு ரொம்பக் குறைவு.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்தில் ஒருவர், மடியில் புத்தம்புது ஃபைல்.

“அண்ணே, உங்களுக்கும் குடல்லயா? எனக்கு இப்பத்தான் மருந்து முடிஞ்சுது. இனி செக்கப்புக்கெல்லாம் வர்றதா இல்லை. போற உசிருக்கு எதுக்கு அலைச்சல்? ஆமா, நூத்துக்கு எத்தனை பேர்ணே தேறுவாங்க?”

அறுபது என்றுதான் சொல்ல வாயைத் திறந்தார். சத்தியமாக.

“தொண்ணூத்தெட்டு.”

ஃபைல்காரர் முகத்தில் உயிர் வந்தது. அந்த வேகத்தில் எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடத்தில் கதவு படாரென்று திறந்தது.

“யோவ் பெரியவரே! டாக்டர் அறுபதுங்கிறார்! உசிரு விஷயத்துல புளுகுறீரே, மனசாட்சி இருக்காய்யா உமக்கு?”

கூடமே திரும்பிப் பார்த்தது. காயில்காரருக்குக் காது சுட்டது.

“திட்டுய்யா. ஆனா இன்னைக்கே திட்டித் தீர்த்துடாத. ஒவ்வொரு செக்கப்புக்கும் வந்து, என்னைத் தேடிப் பிடிச்சுத் திட்டு. நான்லாம் ஒருத்தன் மேல இருந்த கோவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அஞ்சு வருஷத்தைத் தள்ளினேன்.”

அவர் இவரையே முறைத்துக்கொண்டு நர்ஸிடம் திரும்பினார். “சிஸ்டர், எனக்கு அடுத்த தேதி எப்ப?”

மருந்தோடு வந்து நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கைப்பேசியை நீட்டினாள்.

“தம்பி லைன்ல இருக்கான். ரிப்போர்ட் என்னாச்சுன்னு அழாத குறையா கேட்கிறான். ரெண்டு வார்த்தை பேசுங்களேன்.”

காயில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பொய் சொல்றவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு? முதல்ல அவனை மன்னிப்பு கேட்கச் சொல்லு!”