ஏழாவது வரைபடம்

“இதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேங்க” என்று வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார் டீச்சர். “ஒரு மீட்டர் ஏற பன்னிரண்டு மீட்டர் சாய்வுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப மூணு மீட்டருக்கு முப்பத்தாறு வரணும். இருபத்தாறுன்னு போட்டா சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மூச்சு முட்டிப் போயிடும்.”

எதிரில் இருந்த இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். “திருத்திட்டு அடுத்த வியாழக்கிழமை வர்றேன், டீச்சர்.”

ஆற்றின் குறுக்கே, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமாக ஒரு பாலம் வரவிருந்தது. அது வந்து இறங்குகிற இடம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரின் முந்நூறு வருஷத்து வீட்டுச் சுவரோரம். பழைய நகரத்துச் சட்டப்படி, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு கல்லைக்கூட நட முடியாது. சரியான பிடிவாதக்காரி என்று நகராட்சி ஆபீஸே டீச்சரைக் கரித்துக்கொட்டியது.

பிடிவாதமாவது ஒன்றாவது! அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் விடுதியும் கடையுமாக மாறிவிட்டன. அவர் வீட்டு வாசற்கதவைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. தட்டியவர்தான் ஒருவரும் இல்லை. இன்ஜினியர் முதல் வரைபடத்தோடு வந்த அன்றுதான், கணவர் போன நாலு வருஷத்தில் முதல்முறையாக டீச்சர் இரண்டு கோப்பைகளை எடுத்துக் கழுவினார்.

அப்புறம் வாராவாரம் ஒரு தப்பு அகப்பட்டது. ஒரு வாரம் கைப்பிடி முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இன்னொரு வாரம், பதினோரு பாலம் கட்டிய மனிதர், வடக்கைத் தெற்கில் காட்டியிருந்தார். டீச்சர் எவ்வளவு திட்டினாலும் அவர் முகம் சுளித்ததில்லை.

“இவ்வளவு நேரம் இருக்கீங்களே, வீட்டுல தேட மாட்டாங்களா?” என்று ஒருமுறை டீச்சர் கேட்டார்.

“தேடுறதுக்கு ஆள் இருக்கணுமே” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார் இன்ஜினியர்.

ஏழாவது வியாழன் வந்தது. மறுநாள் அனுமதிக்குக் கடைசி நாள். தவறினால் பாலமே கிடையாது; அக்கரைப் பிள்ளைகள் பழையபடி பெரிய பாலத்தில் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சாய்வு சரி, கைப்பிடி சரி, வடக்கும் வடக்கிலேயே இருந்தது. இனி வியாழக்கிழமையும் மற்ற கிழமைகளைப் போலத்தான்.

பொய்யாக ஒரு வட்டம் போட்டால் என்ன என்று பேனா தாளுக்கு மேலே தயங்கி நின்றது. நாற்பது வருஷத்தில் சரியான விடையைத் தப்பு என்று அவர் அடித்ததே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

“ஆறு வாரமும் தப்புத் தப்பா இருந்துச்சு. இன்னிக்கு மட்டும் எப்படிங்க எல்லாம் சரியா இருக்கு?” என்று பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டவில்லை. காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கடைசி நாளாச்சே, டீச்சர். இன்னிக்குமா தப்பா வரைய முடியும்?”