சிவப்புப் பெட்டியின் ஓட்டை

துறைமுகத்தருகே பழைய கன்டெய்னர்கள் விற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பெட்டியும் நீலப் பெட்டியும் நின்றன. வாங்க வருபவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்ப்பார்கள். வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. சிவப்பில் துருப்பிடித்து விழுந்த சின்ன ஓட்டை ஒன்று இருந்தது.

“உன்னை உடைக்கத்தான் அனுப்புவாங்க” என்றது நீலம்.

வீடாக்கிக்கொள்ளப் பெட்டி தேடி வந்த எஸ்தர், சிவப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஓட்டை வழியே வந்த வெளிச்சத்தில் எதிர்ச்சுவரில் வெளியுலகம் தலைகீழாக விழுந்தது. மேகங்கள் தரையோரம் மிதந்தன. கூரையை ஒட்டி ஒரு கப்பல் மெல்ல நகர்ந்தது.

“என்னம்மா, ஓட்டை இருக்கா?” என்று வெளியிலிருந்து விற்பவர் கேட்டார்.

“இருக்கு. அடைச்சுடாதீங்க, இதையே எடுத்துக்கறேன்.”

லாரியில் ஏறிய சிவப்பிடம் நீலம் கேட்டது: “உனக்குள்ள அப்படி என்ன இருந்துச்சு?”

“இத்தனை வருஷம் நான் கடல்ல போனேன். இன்னைக்குக் கடல் எனக்குள்ள வந்துச்சு.”

நீலம் தனக்குள் பார்த்துக்கொண்டது. நல்ல இருட்டாக இருந்தது.