மூக்கம்மாள் வீட்டு சோபா

"டெஸ்டிட்யூட்டாம்ல, டெஸ்டிட்யூட்!" மனுவில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையைப் படித்துப் பல்லைக் கடித்தார் வருவாய் ஆய்வாளர் சண்முகராஜ்.

சுருளிப்பட்டி மூக்கம்மாள் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் கேட்டிருந்தாள். கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை. இல்லாவிட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும். ஆனால், விசாரிக்க வந்தவரை வரவேற்றதோ மெத்துமெத்தென்று ஒரு சோபா, எதிரே பெரிய டிவி, வெள்ளி டம்ளரில் ஏலக்காய் டீ!

"என் வீட்லயே சோபா கிடையாதும்மா. கவர்மென்ட்டை ஏமாத்துறியா?"

மூக்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி ஓடிவந்தாள்.

"ஐயையோ சார், சோபா என்னுது! ஆபீசரு வாராக, வெறுந்தரையில உக்கார வச்சா எங்க தெருவுக்கில்ல அசிங்கம்?"

"டிவி எங்க வீட்டுது" என்றார் எதிர்வீட்டு ஒச்சாண்டி.

"டம்ளரு எனக்குச் சீரா வந்தது" என்றாள் அதே தெரு நாகஜோதி.

"அப்படியா? தூக்கிட்டுப் போங்க, பாப்போம்."

தூக்கினார்கள். அவர் எழுந்திருக்கும் முன்பே சோபா நகர்ந்தது. குடித்து முடிக்காத டீயை நாகஜோதி எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றிக் கொடுத்தாள். அதுவும் அவளுடையதுதான்!

ஐந்தே நிமிடம். ஒரு பாயும் ரெண்டு பாத்திரமும்தான் மிச்சம்.

சண்முகராஜுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால், இங்கிலீஷ் பித்து விடவில்லை.

"டெஸ்டிட்யூட்ங்கிற வார்த்தை லத்தீன்ல இருந்து வந்தது. காசில்லாதவங்கன்னு அர்த்தமில்ல. கைவிடப்பட்டவங்கன்னு அர்த்தம். ஒரு தெருவே தாங்குது, நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"போடுங்க சார், நாதியத்த பொம்பள" என்று முன்னால் வந்தான் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவன். புது பைக்கில் வந்தவன். "கஞ்சிக்கே வழியில்ல சார். பாக்கவே மனசு தாங்கல."

அவன் குரல் தழுதழுத்தது. சண்முகராஜ் உருகிவிட்டார்.

"எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுத்துட்டாங்க. கூச்சப்படாம சொல்லுங்க தம்பி, நீங்க குடுத்தது எது?"

அவன் பைக்கைப் பார்த்தான்.

மூக்கம்மாள்தான் தலையைக் குனிந்தபடி பதில் சொன்னாள்.

"அவன் எதுவும் குடுக்கலீங்க சார். அவன் என் மகன்."