இடப்பக்கப் பின்கதவு

கார் ஷோரூமின் கேஷ் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவரும் சேல்ஸ்மேனும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பணம் கட்டிய ரசீதோடு முதலாளியம்மா வெளியே வந்ததும் இருவரும் விலகி நின்றார்கள்.

"என்னப்பா, ரகசியம்?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டியப் பத்தித்தான்."

புதுக் கார் வெள்ளையாக, மூக்கில் சிவப்பு ரிப்பனோடு விளக்குகளுக்குக் கீழே நின்றது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை என்று முதலாளியம்மாவே எழுதிக் கொடுத்த பட்டியல்.

டயர்களில் தயாரித்த தேதி சரி. ஓடிய தூரம் முப்பத்தொரு கிலோமீட்டர். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி. சேஸ் நம்பரை ரசீதோடு ஒப்பிட்டுப் படித்தார். பிறகு ரசீதைப் பார்க்காமல் இன்னொரு முறை படித்தார்.

"பாத்தீங்களா?" முதலாளியம்மா சேல்ஸ்மேனிடம் பெருமையாகச் சொன்னார். "பதினோரு வருஷமா எங்க வீட்டுல. இவருக்கு முந்தி இருந்த டிரைவர் ராத்திரியெல்லாம் வேற எவனுக்கோ ஓட்டிட்டு வந்து, காலையில ஸ்டியரிங் மேல தூங்கிட்டாரு. அன்னையிலிருந்து எங்க வீட்டுக்காரருக்குச் சக்கர நாற்காலிதான்."

"அடடா."

"அதனால இவருகிட்ட ஒரே கண்டிஷன். ஞாயித்துக்கிழமை லீவு, வீட்டுல படுத்து நல்லாத் தூங்கணும். அடுத்தவன் வண்டியத் தொட்டா அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிடும்."

"தொட்டதில்லையா?"

"ஒரு நாள்கூட."

டிரைவர் இடப்பக்கப் பின்கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அம்மா, இந்த வண்டி வேண்டாம்."

"ஏன்?"

"இந்தக் கதவு அடிபட்டிருக்கு. தட்டி எடுத்து பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

சேல்ஸ்மேன் சிரித்தான். துணியை எடுத்துக் கதவைத் துடைத்தான். கூரை விளக்குகள் கதவில் எங்கேயும் கோணாமல் நேர்கோடாகத் தெரிந்தன. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா."

"வெளிய தெரியாதும்மா. உள்ள கீல் வளைஞ்சிருக்கு. நிமித்தினாலும் பழைய பலம் வராது. ஐயா இந்தக் கதவப் புடிச்சுத்தானே எந்திரிச்சு நாற்காலிக்கு மாறுவாரு? ஒரு நாள் கதவோட சேந்து விழுவாரும்மா."

"எக்ஸ்ரே கண்ணு போல இருக்கு சாருக்கு" என்றான் சேல்ஸ்மேன். "மேடம், ஊருக்கு வெளிய இருக்கிற எங்க யார்டுல எறங்கி, நேரா இங்க வந்த வண்டி. நகம் படல. வேற வேணும்னா குடுக்கிறோம். ரெண்டு மாசம் ஆகும்."

பழைய காரை நேற்றுத்தான் விற்றிருந்தார்கள். ஐயாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியும்மா. இந்த ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க."

சேல்ஸ்மேன் முதலாளியம்மாவை இரண்டடி தள்ளி அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான். டிரைவருக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்தவில்லை.

"நான் இதச் சொல்லக் கூடாது மேடம். டிரைவர் கூட வந்தாலே இப்படித்தான். நீங்க உள்ள பணம் கட்டிட்டு இருக்கும்போதே என்னத் தனியாக் கூப்பிட்டாரு. கவர் கைக்குப் போனா கதவு தானா சரியாயிடும்."

முதலாளியம்மா திரும்பினார்.

"இவருகிட்ட என்ன கேட்ட?"

"வேற வண்டி குடுங்கன்னு கேட்டேம்மா."

"வாங்குறது நான். எங்கிட்ட சொல்லாம இவருகிட்ட எதுக்குக் குசுகுசுன்னு கேட்ட?"

டிரைவர் தரையைப் பார்த்தார். டைல்ஸில் அவருடைய நிழல் நாலு திசையிலும் விழுந்திருந்தது.

"ஏதாவது வேணும்னா எங்கிட்ட வாய விட்டுக் கேட்டிருக்கலாமே. நான் இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப எப்படித் தெரியும்னு சொல்லு."

டிரைவர் கையிலிருந்த பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்தார். முதலாளியம்மா சேல்ஸ்மேனைப் பார்த்துத் தலையசைத்தார்.

சேல்ஸ்மேன் டெலிவரித் தாளை பானெட் மேல் விரித்தான். வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே பெருக்கல் குறி போட்டு, மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினான்.

"இங்க மேடம். அப்புறம் ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

முதலாளியம்மா முதல் எழுத்தைப் போட்டார். அடுத்த எழுத்து விழுவதற்குள் டிரைவர் தாளின் மேல் கை வைத்தார். பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

"கைய எடு."

எடுக்கவில்லை.

"கைய எடுன்னு சொல்றேன்."

"ஒரு ஞாயித்துக்கிழமை இவங்க யார்டுல, லாரியிலிருந்து இத எறக்கும்போது இடிச்சதே நான்தாம்மா."