பிசிறில்லாத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் பொம்மனஹள்ளி வீட்டில், புது ஹைஃபை செட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கண்களை மூடி உட்கார்ந்திருந்தான் மதியழகன்.

“ஏங்க, பழைய செட்டுக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சாயங்காலம் கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்,” என்றபடி மனைவி தேன்மொழி சட்னி அரைக்கப் போனாள்.

“காது ஏமாத்தும்டி, மீட்டர் ஏமாத்தாது. நானே சத்தத்தை அளந்துட்டேன், துளி பிசிறு இல்ல!”

அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். “இப்போ எப்படிப் பாடுது?”

“சொர்க்கம்! இப்பத்தான் இன்னும் தெளிஞ்சிருக்கு. செட்டு சூடேறினா அப்படித்தான். வயலின்காரர் மூச்சு விடறதுகூடக் கேக்குது!”

“பழைய செட்டுல இப்படிக் கேக்காதா?”

“சான்ஸே இல்ல!”

“கண்ணத் திறங்க. கரண்ட் போயிடுச்சு, மிக்ஸியே ஓடல. நீங்க கேக்கறது பக்கத்து வீட்டு பேட்டரி ட்ரான்சிஸ்டர்ல பாடற அதே ஸ்டேஷன்.”

செட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மின்விசிறி ஓடியிருந்தால் அது நின்றதிலாவது தெரிந்திருக்கும் என்று, மின்விசிறியே தேவைப்படாத பெங்களூரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, தொங்கிப்போன முகத்தோடு செட்டு வந்த அட்டைப்பெட்டியை எடுக்க எழுந்தான்.

தேன்மொழி சிரிப்பை அடக்க முடியாமல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க, இங்கேயே இருக்கட்டும். கரண்ட் இல்லாமலே இவ்ளோ நல்லா பாடுதே!”