நீங்க முதல்ல போங்க

கார்லா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

நான் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தவள். லிஃப்டுக்குப் போகும் வழியில், காத்திருப்பு அறையில் என்னை இழுத்து உட்கார வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை என் மடியில் இருந்தது.

"பையில என்ன நடீன்?"

"வெர்லினோட பூட்ஸ்."

"வீட்டுக்குக் கொண்டு போங்க. படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு இங்க பூட்ஸ் எதுக்கு?"

அவள் பார்வை உள்கதவிலேயே இருந்தது. அவள் மகள் டெஸ்ஸாவின் காலை ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும்.

டெஸ்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. கடைவாய்ப்பல் வலி. பல்லுக்குக் காப்பீடு இல்லாத வீடு, பெட்ரோல் பங்க் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு நாளைத் தள்ளியிருக்கிறாள். நடுவில் சளி பிடித்து, அதற்கொரு சிரப். வலியில் தூங்காமல் புரண்டவளுக்குக் கார்லா தன் அலமாரியிலிருந்த ராத்திரி மாத்திரையைக் கொடுத்தாள்.

"மூணு டப்பா, மூணு பேரு. உள்ள ஒரே மருந்துன்னு யாருக்குத் தெரியும்? அது ஈரலைத் தின்னுடும்னு எவன் சொன்னான்? என் கையால கொடுத்தேனே நடீன்."

அவளைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொன்னாள். நானும் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பதுபோல் கேட்டேன்.

ஆனால் அவள் வந்த அன்று எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை.

மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் டாக்டர் வந்தார். உங்களைவிட அவசரமான ஒருவர் வந்திருக்கிறார், பட்டியலில் நீங்கள் ஒரு இடம் பின்னால் போகிறீர்கள் என்றார். பேர் சொல்லவில்லை. பேர் வேறு சொல்ல வேண்டுமா?

ஒரு சொட்டுக் குடித்தறியாத என் புருஷன் வெர்லின், கெட்டுப்போன கல்லீரலோடு போன கோடையிலிருந்து அந்த வரிசையில் நின்றார். நானோ, மளிகைக் கடையில் ஒருத்தி வண்டியை முன்னால் நுழைத்தாலே சும்மா விடாதவள். அன்று அவர் கட்டிலருகே நின்று கத்தித் தீர்த்தேன்.

மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்து அவர் சிரித்தார். "சின்னப் பொண்ணுடி. முதல்ல போகட்டும் விடு."

அவர் அப்படித்தான். எங்கள் நெப்ராஸ்காவில் நாலுமுனைச் சந்திப்புக்கு வரும் எல்லா வண்டியையும் முதலில் போகச் சொல்லிக் கையசைப்பார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நான் தலையில் அடித்துக்கொள்வேன். கடைவாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊரே உள்ளே போன பிறகுதான் நாங்கள் போவோம்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு கல்லீரல் கிடைத்தது. கான்சாஸில் யாரோ இறந்து கொடுத்தது. டெஸ்ஸாவுக்கு என்று முடிவானது. காலை ரத்தத்தையும் பார்த்துவிட்டுக் கத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

கதவு திறந்தது. டாக்டர் கார்லாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அவளோட ஈரல் தானாவே தேறிக்கிட்டு வருதும்மா. ரத்தம் பழையபடி உறைய ஆரம்பிச்சிருக்கு, அது நல்ல அறிகுறி. ஆபரேஷன் வேண்டாம். வேற ஈரலும் வேண்டாம்."

கார்லா போட்ட சத்தத்தில் தாழ்வாரத்தில் போன நர்ஸ் நின்றுவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

டாக்டர் போன பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"எனக்குத் தெரியும் நடீன். எங்களுக்கு முன்னாடி நின்னது உங்க வெர்லின்தான்னு முதல் நாளே புரிஞ்சு போச்சு. உங்க மூஞ்சியைப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு. இனிமே அந்த ஈரல் அவருக்குத்தானே? ரெண்டு பேருமே பொழைச்சுட்டாங்க! ஓடுங்க, போய்ச் சொல்லுங்க!"

ஒரு வார்த்தை என் தொண்டைவரை வந்தது. பெற்ற மகளுக்குத் தன் கையால் கொடுத்த மாத்திரையே அவளுக்கு ஆயுசுக்கும் போதும். விழுங்கிக்கொண்டேன்.

"போறேன் கண்ணு," என்றேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் லிஃப்ட் பக்கம் திரும்ப முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெர்லினின் அறைக்கு நடந்தேன்.

விடியும் முன் அவர் மூச்சு நின்ற கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். பலகையில் எழுதியிருந்த அவர் பேரை அழித்திருந்தார்கள். நேற்றே உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாரோ என்னவோ. இனி அந்தக் கல்லீரல், அடுத்து நிற்கும் யாருக்கோ போகும்.

தரையைத் துடைத்து முடித்த பெண் வாளியும் மாப்புமாக வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு, நீ முதலில் போ என்று கையசைத்தேன்.